ஒன்பதாம் பக்கம்

துலூத். பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
டயர் கடையின் கணக்கு மேசையில் நான், வெர்னா ஹால்வர்சன்.
பக்கத்தில் ஃபேக்ஸ் எந்திரம் கனைத்தது.
பனிச்சங்கிலி விலைப்பட்டியல் என்று நினைத்தேன்.

வந்தது வேறு.
"ஆவணம் 3306, தாங்கள் கேட்டபடி.
உடன்பிறந்தவருக்குச் சிறுநீரகம் தருவோர் அறிய வேண்டியவை.
மொத்தம் ஒன்பது பக்கம்."

நான் கேட்கவில்லை.
எனக்கு ஒரே ஓர் அக்கா.
என்னிடம் வாங்கி அவள் திருப்பித் தராதது
ஒரு வாஃபிள் அச்சு மட்டும்தான்.

சூடு ஆறாத தாள் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது.
இரண்டில் இரத்தப் பரிசோதனை.
நான்கில் ஒரு படம், அவரை விதைபோல் இரண்டு,
ஒன்றின்மேல் அம்புக்குறி.
ஆறில்:
"பயப்படுகிறேன் என்று சொல்வது
மாட்டேன் என்று சொல்வதாகாது."
அதை எழுந்து நின்று படித்தேன், ஏனென்று தெரியவில்லை.
எட்டு முடிந்ததும் உருளையில் தாள் தீர்ந்தது.

இந்த ஊரில் யாரோ
பதிவுக்குரல் சொல்லச் சொல்ல
ஆவண எண்ணை அழுத்தி, தன் எண்ணை அழுத்தி,
கடைசி இலக்கத்தில் விரல் பிசகி,
இப்போது
வாய் திறக்காத எந்திரத்தின் முன் நிற்கிறார்.

புது உருளை மாட்டினேன்.
அந்தக் குரலை நானே அழைத்தேன்.
மூன்று. மூன்று. பூஜ்யம். ஆறு.
முதலிலிருந்து எல்லாம் மறுபடி வந்தது.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரி:
"இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது."

எங்கள் எண் நான்கில் முடியும்.
மற்றவற்றை ஒவ்வொன்றாக அழைத்தேன்.
ஒன்றில் சலவையகம்.
ஐந்தில் ஒரு குழந்தை, "அம்மா தூங்குறா."
ஏழில், விசைப்பலகையில் நான்குக்கு நேர் கீழே,
அந்தக் கிறீச்சொலி!

கூடவே ஒரு வரி எழுத நினைத்தேன்.
என்னவென்று எழுதுவது?
எட்டுப் பக்கமும் முக்கி முனகி உள்ளே போயின.
வெற்றுப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.
"ரிம் கணக்கு என்னாச்சு?" என்றார் முதலாளி.

கடை பூட்டும் நேரம். மறுபடி கனைப்பு.
ஒன்பதாம் பக்கம் திரும்பி வந்திருந்தது.
அச்சு வரிக்குக் கீழே, விட்டுவைத்த அந்த வெறுமையில்,
சாய்ந்த கையெழுத்தில் இரண்டு சொல்:
"வியாழக்கிழமை. இடது."

நாட்காட்டியில் வியாழனுக்கு நேரே
'குளிர்கால டயர், இருபது' என்று எழுதியிருந்தேன்.
அதன் இடப்பக்கம்
ஒரு புள்ளி வைத்தேன்.