பாவு அறுந்த இடங்கள் தவிர

இந்த வாரம் மூணே முக்கால் படம் பார்த்தேன்.
முக்கால் என்பது செவ்வாய்க்கிழமைப் படம்.
ஏழாம் நம்பர் தறியில்
பாவு அறுந்துகொண்டே இருந்தது.
முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள்
ஒரு அப்பா செத்திருந்தார்.
யாருடைய அப்பா என்று
கடைசிவரை பிடிபடவில்லை.
பாடை தூக்கினவன்தான் மகன் என்றிருந்தேன்,
அவன் போலீஸாம்.
படம் பரவாயில்லைங்க,
நூல்தான் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பேக்கரியில்
தேங்காய் பன்னைப் பிய்த்தபடி
இதைத்தான் சொன்னேன்.
சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.
சைசிங்கில் வேலை அவனுக்கு,
நூலைச் சொன்னால் பொறுக்க மாட்டான்.
"படத்துக்கே கஞ்சி பத்தலை,
இடைவேளைக்குப் பொறவு
எழை எழையாத் தொங்குது,
எங்க பாவு மேல ஏன் பழி போடற?"

புதன்கிழமை ஒரு டப்பிங் படம்.
உதடு ஒரு பக்கம் போகுது
பேச்சு ஒரு பக்கம் போகுது என்று
ஊரே திட்டுகிறது.
எனக்கென்ன,
பதினாறு தறி ஓடும் ஷெட்டில்
எனக்கு வாய்த்தது உதடு மட்டும்தான்.
பக்கத்துத் தறி நிரஞ்சன் ஒடிசாக்காரன்,
தமிழில் டீ, கூலி, லீவு மூன்றும் சுத்தமாகத் தெரியும்.
சிரிக்க வேண்டிய இடத்தில்
என்னைவிட அரை நொடி முன்னால் சிரித்தான்.
தறி ஓடும்போது
யாருக்குத்தான் பாஷை தெரிகிறது.

வியாழன் ராத்திரி பேய்ப்படம்.
எவ்வளவு வைத்தாலும் கேட்காது,
இருந்தும் சத்தத்தை முழுக்க வைப்பேன்,
காசு கொடுத்துப் போட்ட டேட்டா.
ரெண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
பதினாறு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
இருட்டில்
தார்ப்பெட்டி மேலிருந்து ஒருத்தி
"என் கொழந்தையக் குடுத்துரு" என்று கதறினாள்.
என் போன்தான்,
தெரிந்தும் கை நகரவில்லை.
தலையெல்லாம் பஞ்சு அப்பியபடி
எட்டுப் பேர்
எழவு வீட்டாட்டம் நின்றோம்.
ரெண்டு நிமிசம் இருக்கும், அழுது முடித்தாள்.
ஜெனரேட்டர் வாங்காத முதலாளி புண்ணியத்தில்
இந்த வருசம் நான்
காதால் கேட்ட ஒரே காட்சி அது.
நூத்துக்கு நூறு.
கதை என்னவென்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை கூலி வாங்கினதும்
மரகதத்தைக் கூட்டிக்கொண்டு
திருப்பூர் போய் தியேட்டரில் பார்த்தேன்.
பெரிய படமாம், நெசவாளி கதையாம்.
கதாநாயகன் ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்று
கிசுகிசுக்கிறான்,
நாலு தறி தள்ளி நிற்கிற அவளுக்குக் கேட்கிறது,
வெட்கப்படுகிறாள்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

பதினோரு வருசம்
எதிரெதிர்த் தறி நானும் மரகதமும்.
ரெண்டு விரல் காட்டினால் டீ.
கழுத்தில் கை வைத்தால் பாவு அறுந்தது.
காதைத் தொட்டால் பையன் கூப்பிட்டான்.
மீசையை முறுக்கினால்
முதலாளி வந்துகொண்டிருக்கிறார்.
அந்தப் படத்தில் அவன் சொன்னதற்கு
எங்களிடம் சாடை கிடையாது.
போட்டுவைத்திருக்கலாம்,
தோணலை.

இதைச் சொல்லத்தான் அவள் பக்கம் திரும்பினேன்.
வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம்.
வண்டியில் வரும்போது
படம் எப்படி என்று கேட்டதற்கு
"அருமையான படமுங்க,
ஒரு சண்டை கெடையாது, வெடி கெடையாது,
ஏசி வேற.
நாளைக்கும் இதே படத்துக்குப் போலாமுங்களா?"

பேக்கரியில் எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள்.
பேச்சு மீட்டருக்கு எத்தனை பைசா ஏற்றுவார்கள் என்பதில்
போய் நின்றது.
அப்போதுதான் நிரஞ்சன்
காரா பன்னைக் கீழே வைத்துவிட்டு
செவ்வாய்க்கிழமைப் படத்துக்கு வந்தான்.
கையால் தாலி கட்டிக் காட்டினான்,
மேலே போனவரைக் காட்டினான்,
தலையை ஆட்டினான்.

அப்பா இல்லையாம்.
மாமனாராம்.

ஏழாம் நம்பருக்கு நாளைக்குப் புதுப் பாவு ஏற்றுகிறார்கள்.
முதலிலிருந்து பார்க்கணும்.