மீதி ஐந்து

கண்டனூர் வீட்டில் அறைகள் அறுபத்தைந்து.
பங்காளிகள் பன்னிரண்டு.
ஆளுக்கு ஐந்து போக மீதி ஐந்து.
இந்தக் கணக்கை தேவகோட்டைக் கோர்ட்டு
பத்தொன்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆணையராகப் போனவள் நான்.
கையில் டேப்பு, எழுத ஓர் அட்டை, உத்தரவு நகல்.
எக்ஸெல் வண்டியில் வந்தார் சீனி முகம்மது,
கம்பிகள் சுருட்டிய சாக்குப்பையோடு.

இரண்டாங்கட்டில் ஓர் அறை. நாதாங்கியில் நாலு பூட்டு,
வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு அண்ணன் தம்பி மாட்டியவை.
நாலையும் அறுத்துப் போட்டார்.
கதவுக்குள்ளேயே குடியிருந்த ஐந்தாவதை
அறுக்க மனம் வரவில்லை அவருக்கு.
தேக்கில் காது வைத்தார்.
"உள்ள முளை விழுந்து கெடக்கு.
தூக்கிவிட்டாப் போதும்மா."

நைல் கரையில் எவனோ ஒரு தச்சன்
மரத்திலேயே செய்து பார்த்தது இதைத்தான்.
தாழில் துளை. மேலிருந்து விழும் முளைகள்.
தன் எடையைத் தவிர வேறு காவல் தெரியாத முளைகள்.
பல் தேய்க்கும் பிரஷ் போல
முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி;
நுழைத்து, உயர்த்தினால் வழி.

கள்ளனுக்குப் பயந்து செய்தான் என்கிறார்கள்.
எனக்கு நம்பிக்கையில்லை.
கள்ளன் மண்சுவரில் கன்னம் வைப்பான்.
வாசல் வழியாக வருகிறவன்
கூடப் பிறந்தவன்.

அந்த ஊர்த் தெய்வங்களும் அப்படித்தான்.
அண்ணன் அளவுக்கே பெட்டி செய்து
படுத்துப் பாரேன் என்றான் தம்பி.
படுத்ததும் மூடி, ஆணி அடித்து,
ஈயம் காய்ச்சி ஊற்றி
ஆற்றில் விட்டான்.

வருடத்தை எண்ணியவர்களும் அதே ஆட்கள்தான்.
பன்னிரண்டு மாதம், மாதம் முப்பது,
மீதி ஐந்து நாள்.
அதை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை;
அந்த அண்ணன் தம்பி அக்கா தங்கையின்
பிறந்தநாள் என்று வெளியே வைத்துவிட்டார்கள்.
எந்த மாதமும் பங்கு கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
இன்னும் புதுவருடம் பிறந்திருக்காது.

டிக்.
சீனி முகம்மது ஒதுங்கி நின்றார்.
பன்னிரண்டு கழுத்து எட்டிப் பார்த்தது.

தூசி. ஓட்டின் விரிசலில் கசிந்த ஒரு காசளவு வெயில்.
உள்சுவர் ஆணியில்
அதே கதவின் சாவி.

எப்படி என்று நான் எழுதவில்லை.
"அறை அறுபத்தொன்று: சாவி ஒன்று"
என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

கூலி அறுநூறு என்றார் சீனி முகம்மது.
பன்னிரண்டால்
மீதியில்லாமல் வகுபடும் தொகை.

பன்னிரண்டு பேரும் அண்ணாந்து
உத்தரத்தைப் பார்த்தார்கள்.