மூன்று விரல்

வாயைத் திற என்றார் பல் மருத்துவர்.
திறந்தேன்.
இன்னும் என்றார்.
இவ்வளவுதான் என்று சொல்லவும்
வாய் போதவில்லை.

மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக
மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே
நுழைக்கச் சொன்னார்.
இரண்டு நுழைந்தன.
மூன்றாவது வாசலிலேயே நின்றது
கடன் கேட்க வந்தவனைப் போல.

சுவரில் ஒரு படம்:
கன்னம் அழுகிய ஒருவன்,
கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை.
பார்த்ததும் குலை நடுங்கிற்று.
நடுக்கம் தீர
தெருவுக்கு வந்து
இரண்டு குன்யா வாங்கி
ஒன்றாகவே போட்டுக்கொண்டேன்.

சிரிக்க வேண்டாம்.
பயந்தவன்
பழகிய இடத்துக்குத்தான் ஓடுவான்.
படம் ஒட்டியவர்களுக்கு
இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தான்லின் பாலத்துக்கு இந்தப் பக்கம்
இருபத்திரண்டு வருடமாய் லைன் கார் ஓட்டுகிறேன்.
சந்தை முனையில் என் ஹாரன் கேட்டால்
கோ ஞீ லின் கை தானாக இலை எடுக்கும்.
சுண்ணாம்பு ஒரு தடவல், பாக்குச் சீவல்,
கறுப்பாய் ஊறிய புகையிலை, ஒரு மடிப்பு.
வண்டி நிற்பதற்குள் பை ஜன்னலில் இருக்கும்.
காசு மாதக் கடைசியில்.
நான் கேட்டதே இல்லை, அவன் மறந்ததே இல்லை.
என் பழக்கத்தில் பாதி
அவன் விரலில்தான் குடியிருந்தது.

அங்காளம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி
சபதம் செய்தேன்.
மூன்று நாள் நின்றது.
நாலாம் நாள் ரயில்வே கேட் மூடியிருந்தது.
கேட் திறந்தபோது
என் வாய் சிவந்திருந்தது.
சபதம் தலையில் இருந்தது.
கை எப்போது
தலையிடம் அனுமதி கேட்டது?

மறுபடி போனேன்.
நர்ஸ் மா யூ வா ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு பள்ளிக்கூட நோட்டைத் தந்து
எப்போது, எங்கே, அது மட்டும் எழுது என்றாள்.
தமிழில் எழுதினேன், அவளுக்குப் படித்துக் காட்டினேன்:

ஐந்தே கால், எஞ்சின் சூடாகும்போது.
ஒருத்தன் காசு தராமல் இறங்கி நடந்தபோது.
மகள் பினாங்கிலிருந்து பேசி வைத்தபிறகு.
கேட் மூடியபோது.
கேட் மூடியபோது.
சாப்பிட்டபின்.
கேட் மூடியபோது.

ஆசை ஆசை என்று
இத்தனை வருடம் நான் பேர் வைத்திருந்ததில்
பாதிக்கு மேல்
சும்மா காத்திருந்தது.

ஆனாலும் கோ ஞீ லினிடம் எப்படிச் சொல்ல?
உன் கைப்பக்குவம் என் கன்னத்தை இறுக்குகிறது என்றா?
இரண்டு நாள் வேறு தெருவில் சுற்றிப் போனேன்.
டீசல் தீர்ந்ததுதான் மிச்சம்.
மூன்றாம் நாள் வண்டியை நிறுத்தி
வாயைத் திறந்து
இரண்டு விரலைக் காட்டினேன்.
அவன் தன் வாயில் தன் விரலை வைத்துப் பார்த்தான்.
எத்தனை என்று சொல்லவில்லை.

மறுநாள் ஹாரன் அடித்தேன்.
அவன் கை இலை எடுத்தது,
நின்றது,
இலையைத் தண்ணீர்த் தட்டில் திரும்ப வைத்தது.
பிறகு அதே பை, அதே முடிச்சு,
உள்ளே வறுத்த பட்டாணி.
காசு?
மாதக் கடைசியில்.

பத்தொன்பதாம் நாள் ஒரு சாவு வீட்டில் தட்டு வந்தது.
எடுத்தேன்.
நோட்டில் எழுதவும் செய்தேன்.
மா யூ வா திட்டுவாள் என்று பார்த்தால்
‘சாவு வீடு’ என்பதன் கீழ் கோடு போட்டு
அடுத்த முறை சட்டைப் பையில் என்ன இருக்கும் என்றாள்.
கிராம்பு என்றேன்.
அதையும் எழுதச் சொன்னாள்.

இறுகினது இளகாதாம்.
இன்னும் இறுகாமல் இருந்தால் போதுமாம்.
காலையில் கண்ணாடி முன் அளந்து பார்க்கிறேன்:
இரண்டு விரல்.
சில நாள் மூன்றாவதின் நகம்.
சில நாள் அதுவும் இல்லை.

இன்றைக்கும் கேட் மூடியிருக்கிறது.
கை பைக்குப் போகிறது.
போகட்டும்.
பட்டாணி கொஞ்சம் நமத்துவிட்டது,
ஞீ லினிடம் சொல்ல வேண்டும்.
ரயில் இன்னும் வரவில்லை.