கேட்டால் சொல்வேன்

வார நாட்களில் நான் சிங்கி இறால் நிறுப்பவன்.
தராசு முள் நிற்கிற இடத்தில்
என் வேலை முடிந்துவிடும்.
ஞாயிற்றுக்கிழமை முள் கிடையாது.
புளூஃபீல்ட்ஸ் மைதானத்தில்
ஒரு நனைந்த நீலச் சட்டை, இரண்டு கண்.

ஐந்தாவது இன்னிங்ஸில் வெண்டெல் டவுன்ஸ்
பந்தோடு நீண்ட கையுறைக்குத் தப்பி
வளைந்து ஓடினான்.
மூன்றடிக்கு மேல் விலகினால் அவுட்.
"எங்கிருந்து மூன்றடி?" என்று பெஞ்சே எழுந்து கத்தியது.
சுண்ணாம்புக் கோட்டிலிருந்து அல்ல, ஐயா.
கை நீண்ட அந்தக் கணத்தில்
அவன் இருந்த இடத்திலிருந்து பேஸுக்கு ஒரு நேர்கோடு.
அதை யாரும் போட்டு வைப்பதில்லை.
நானே போட்டேன், நானே அளந்தேன்,
அவுட் என்றேன்.
என் தாயை ஸ்பானிஷில் ஒருமுறை
கிரியோலில் ஒருமுறை திட்டினார்கள்.

அது போகட்டும்.

ஒன்பதாவதில் சமநிலை, இரண்டு அவுட்.
பந்து வேலிவரை உருண்டது.
முதல் பேஸிலிருந்து கிளெவன் ஹாட்ஜ்சன்
மழைச் சேற்றைத் தெறித்துக்கொண்டு
மொத்தமும் சுற்றி வந்து விழுந்தான்.
ஊரே உள்ளே பாய்ந்தது.

இரண்டாம் பேஸை அவன் மிதிக்கவில்லை.
ஒரு விரல் அகலம்.
பார்த்தேன் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

பார்த்ததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
எதிரணி பந்தோடு வந்து
அப்பீல் கேட்க வேண்டும்,
களத்தை விட்டுப் போவதற்குள்.
கேட்டால் சொல்வேன்.

கார்ன் தீவு ஆட்கள் தலை கவிழ்ந்து கிளம்பினார்கள்.
ஷார்ட்ஸ்டாப் ஓர்லன் பென்ட் மட்டும்
பேஸருகே நின்றான்.
சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.

நான் வேலியைப் பார்த்தேன்,
வேலிமேல் காய்ந்த யாருடைய துண்டையோ பார்த்தேன்.
கண் பேஸுக்குப் போனால்
அதுவும் ஒரு பதில்.

அவன் வாய் திறந்ததுபோல் இருந்தது.
துறையில் படகு ஊதியது,
தீவுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான்.
கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினான்.
அவ்வளவுதான், ரன் ரன்தான்.

இரவு கிளெவன் எல்லோருக்கும் பீர் வாங்கினான்.
எனக்கு இரண்டு.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்,
லேபிளை நகத்தால் சுரண்டினான்,
மழையைப் பற்றிப் பேசினான்.
அவனும் கேட்கவில்லை.

திங்கள் காலை
முதல் கூடையைத் தூக்கி வைத்தேன்.
முள் ஆடி ஆடி
நாலரையில் நின்றது,
யாரும் கேட்காமலே.