ஒன்று முதல் ஐந்து வரை

ஒன்று என்றால் துளியும் இல்லை.
ஐந்து என்றால் முழுத் திருப்தி.
படிவத்துக்கு இருபத்தைந்து ரூபாய் எனக்கு.
யாராவது விழித்துக்கொண்டு நின்றால்
மூன்று போட்டுவிடு, காலியாக விடாதே
என்று சொல்லியனுப்பினார் ஆராய்ச்சிக்காரர்.
காரைக்குடியில் அன்று
குடைக்குள்ளும் வெயில்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு,
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
இப்போது ஹோட்டல்.
அறை பெருக்கும் சோலையம்மை
சம்பளம் மூணு என்றாள், சாப்பாடு அஞ்சு என்றாள்.
மரியாதை என்றதும் தேக்குத் தூணைக் காட்டினாள்.
"தெனமும் நான்தான் தொடைக்கிறேன்.
போட்டோ எடுக்கறப்ப மட்டும்
கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்பாங்க."
எத்தனை போட என்றேன்.
"தூணுக்கா, எனக்கா?"

லைன்மேன் சேவுகன்
கம்பத்தில் இருந்தபடியே பதில் சொன்னார்.
ஆபத்து?
"இருக்கு."
மேலதிகாரி?
"இருக்காரு."
பதவி உயர்வு?
"இதுக்கு மேல எங்க ஏற?"
வேலை தரும் நிறைவு என்ற கேள்விக்கு
ஒன்றும் பேசாமல் இறங்கினார்.
டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடந்துபோய்
பீஸ் கட்டையைச் செருகினார்.
சாத்திய கதவுகளுக்குள்ளிருந்து
தெருப் பிள்ளைகள் அத்தனையும் ஒரே குரலில்
"வந்திருச்சேய்!"
திரும்பி என்னைப் பார்த்தார்.
"எழுதிக்கங்க."

அரசு ஆஸ்பத்திரியில் ஒரே தாழ்வாரம்.
இந்தக் கோடியில் ஷமீமா, அந்தக் கோடியில் செபஸ்தியம்மாள்.
ஒரே பினாயில், ஒரே பிரசவ வார்டு.
நிரந்தரம் நாலு என்றது.
ஒப்பந்தம் யோசித்தது.
"நீ எவ்வளவுடி சொன்னே?" என்று
வாளியைத் தாண்டி எட்டிக் கேட்டது.
கேட்ட பிறகு ரெண்டு என்றது.
கேட்பதற்கு முன்னால் என்னவாக இருந்திருக்கும்?
அது என் வேலையில்லை.
ஆனாலும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்,
இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு.

நடுவில் நாலு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள்.
மூன்று, மூன்று, மூன்று, மூன்று.
நூறு ரூபாய்.

பேங்கில் நகை உரசிப் பார்க்கும் திருமேனி
எல்லாவற்றுக்கும் ஐந்து கொடுத்தார்.
மின்விசிறிக்கு ஐந்து, மேனேஜருக்கு ஐந்து.
நான் எழுந்த பிறகு சொன்னார்:
"ஒரு சங்கிலி. கொக்கி பக்கத்துல ஒரு பத்தவைப்பு.
ஆறு வருசமா ஜூன் மாசம் தவறாம வரும்.
போன ஜூனுக்கு வரல.
புள்ளைக்குப் படிப்பு முடிஞ்சிருச்சோ,
இல்ல சங்கிலியே போயிருச்சோ.
யார்ட்டன்னு கேக்க?"
அதற்குள் படிவத்தை மடித்துவிட்டிருந்தேன்.

கடைசியாக
ஜவுளிக்கடை, முதல் மாடி, சேலைப் பிரிவு.
பாண்டிமீனா, வயது இருபத்திரண்டு.
முதல் கேள்வியை அவள்தான் கேட்டாள்:
"உக்காந்து சொல்லலாமாக்கா?"
இரண்டு ஸ்டூல் கேட்டு வாங்கினேன்.
செருப்பைக் கழற்றி
குளிர்ந்த தரையில் உள்ளங்காலை வைத்தாள்,
நெருப்புக்காயத்தில் மருந்து வைப்பதுபோல.

எட்டு நிமிடப் படிவம்.
ஒவ்வொரு கேள்வியையும்
"திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.
நாலை மூணாக்கினாள், மூணை மறுபடி நாலாக்கினாள்.
தூரத்தில் சூப்பர்வைசர் மணி பார்த்தான்,
பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்தான்,
ஒரு சேலையை எடுத்து மடித்ததையே மடித்தான்.

கேள்விகள் தீர்ந்தன.
அச்சில் இல்லாததைக் கேட்க ஆரம்பித்தேன்.
எந்த ஊர். எந்த பஸ். மத்தியானம் என்ன குழம்பு.
தம்பிக்கு என்ன பிடிக்கும்.
பள்ளத்தூர் என்றாள். ஏழே முக்கால் என்றாள்.
குழம்பைப் பற்றி நிறையச் சொன்னாள்.

இனி ஒன்றுதான் பாக்கி.
மொத்தத்தில் இந்த வேலையில் எவ்வளவு திருப்தி?
"எப்பவுமா, இப்பவா?"
இப்ப என்று சொல்லிவிட்டேன்.
கால் இரண்டையும் நீட்டினாள்.
"அஞ்சு."

ஆராய்ச்சிக்காரர் அதை மட்டும்
சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்:
விற்பனைப் பெண்ணுக்கு ஐந்தா?
நம்பும்படியாக இல்லை, மறுபடி போய்க் கேள்.

போகிறேன் நாளைக்கு.
புதிய படிவத்தோடு,
முதல் கேள்வியிலிருந்து,
மெதுவாக.