கேள்வி

தம்பெரேயில், மைனஸ் இருபது குளிரில்,
வயோலாப் பெட்டி முதுகில் கனக்க
பல்கலைக்கழகம் போய்வந்த நாளெல்லாம்
ஒரே கேள்வி.
பஸ் ஓட்டுநர் கேட்டார்.
பல் மருத்துவர், என் வாய்க்குள் இடுக்கி இருக்கும்போதே
கேட்டார்:
"இசை படித்து என்ன செய்வாய்?"

ஹில்லாவும் நானும் ஐந்தாண்டு
ஒரே தாங்கியில் தாள் வைத்து வாசித்தோம்.
பக்கம் திருப்புவது நான்.
மேடையேறினால் அவளுக்குக் கை நடுங்கும்.
இறுதித் தேர்வில் வில் துள்ளிக் குதித்தது;
நடுவர் மூவரும் மேசையைப் பார்த்தார்கள்.
காது மட்டும் நடுங்காது.
விடுதிக் குளிர்பெட்டி அரைக்கால் சுருதி
இறங்கிவிட்டதென்று
நடுராத்திரியில் என்னை எழுப்பியவள்.
மறுநாள் அது நின்றது. பால் திரிந்தது.

இப்போது லிஃப்ட் தொழிற்சாலையில் இருக்கிறாள்.
ஏறி இறங்கும் மோட்டாருக்குக்
காது கொடுப்பது உத்தியோகம்.
"தாங்கி தேய்கிறது, ஆறு வாரம் தாங்கும்"
எழுதிக் கையெழுத்திடுகிறாள்.
சம்பளம் என்னுடையதில் இரு மடங்கு.

நான் செவ்வாய்தோறும்
மருத்துவமனை ஆறாம் மாடியில்,
குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்கிடையே,
வில்லின் நுனியால் மட்டும் வாசிக்கிறேன்.
மற்ற நாளில் வகுப்பு, கல்யாணம்,
ஒருமுறை நாய்த்தீனி விளம்பரம்.

போன வாரம் அங்கே புது லிஃப்ட்.
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்:
ஒரு முனகல் இல்லை.
சுவரில் சோதனைச் சீட்டு,
அடியில் அவள் கையெழுத்து,
நடுங்காமல்.

கதவு திறந்தது.
புதிய செவிலி பெட்டியைப் பார்த்து
ஏதோ கேட்டாள்.
நானும் இன்னும்
கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.