கூண்டு ஏற்றாத நாள்

கூண்டு ஏற்றினால் டிவிக்காரர்கள் வருவார்கள்.
கம்பத்தடியில் நின்று
முடி பறக்கப் பறக்கப் பேசுவார்கள்.
கயிறு இழுக்கும் என் கை
ஒருமுறை செய்தியில் வந்தது, முழங்கை வரை.
கடிகார வாரில் சுற்றியிருந்த செப்புக் கம்பியை வைத்து
வீட்டில் கண்டுபிடித்தார்கள்.

இன்று ஏற்றவில்லை.
நேற்றும்.
சித்திரைக்குப் பிறகு ஒருநாளும் இல்லை.

ஏற்றாத நாளுக்கும் வேலை உண்டு பாம்பனில்.
கப்பிக்குக் கிரீஸ் போட வேண்டும்.
உப்பேறி விறைத்த கயிற்றை
அவிழ்த்து உதறிக் கட்ட வேண்டும்.
ஒன்றாம் எண் கூண்டுக்குள் குட்டி போட்ட பூனையை
விரட்ட வேண்டும்.
விரட்டவில்லை.

செலஸ்டினா நெத்திலிக் கூடையோடு போனாள்.
"காத்து எப்படி சார்?"
"கச்சான்தான்."
கேட்டுவிட்டு
தன் முந்தானை பறக்கும் திக்கைப் பார்த்து
நான் சொன்னது சரியென்று தலையாட்டினாள்.

பதினொன்றரைக்குக் கைப்பேசி
இலங்கைக்கு நல்வரவு என்றது.
நாற்காலியை நாலடி நகர்த்திப் போட்டேன்.
ஊர் திரும்பிவிட்டேன்.

மதியம் பாலத்தில் ரயில்.
ஜன்னலுக்கு ஜன்னல் கடலைப் படமெடுக்கும் கைகள்.
எங்கெங்கோ யார் யார் வீட்டிலோ
அந்தப் படங்களின் மூலையில்
கடுகளவு நான் இருப்பேன்,
தண்ணீர் லாரி வராததால்
அரைச் சொம்பில் டிபன் டப்பா கழுவிக்கொண்டு.

சாயங்காலம் பதிவேடு.
தேதி, காற்று, அலை.
நிகழ்வு: இல்லை.
பதினாறு வருடமாய் எழுதி எழுதி
அந்த 'இல்லை'
என் கையெழுத்தைவிட அழகாக வருகிறது.

ஒரு ஐப்பசி ராத்திரி மட்டும்
கட்டத்தில் இடம் பற்றாமல்
தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதினேன்,
ஐந்து பேர், அப்பன் பெயரோடு.
மெசியாதாஸின் அப்பன் பெயர் எனக்குத் தெரியவில்லை.
வெளியே நின்றிருந்த கூட்டத்தில் கேட்டேன்.
பதில் சொன்னது அந்த அப்பன்தான்.
அந்தப் பக்கம் வந்தால்
இப்போதும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டுவேன்.

எழுதி முடிக்கையில் போன் வந்தது.
வரும்போது கால் கிலோ புளி.
அப்புறம்?
அப்புறம் ஒண்ணுமில்ல.

பேனாவை மூடிவிட்டு, பென்சிலை எடுத்து,
அந்த 'இல்லை'க்குக் கீழே பொடி எழுத்தில்:
பூனைக்குட்டி, ஒன்று, கண் திறந்தது.
ஆடிட் வந்தால் அழித்துக்கொள்ளலாம்.

பூட்டைச் சரிபார்த்தேன், இரண்டு தரம்.
தங்கச்சிமடம் தாண்டிய பிறகுதான்
புளி ஞாபகம் வந்தது.
சைக்கிளைத் திருப்பினேன்.
எதிர்க்காற்று.